பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி

பாஸ்பேட் கனிமம் ஒன்றின் படத்தை அனுப்பி, "இது பெரௌனைட்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அது எந்தச் சுரங்கத்தில் கிடைத்தது என்ற வரியைத்தான் முதலில் தேடுவேன். படிகத்தைப் பார்ப்பது அப்புறம். அந்த வரி இல்லாத படத்தை வைத்துக்கொண்டு பாதி வேலையை ஆரம்பிக்கவே முடியாது. அடுத்துத் தேடுவது அளவை: படத்தின் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? அரிய பாஸ்பேட்டுகள் பெரும்பாலும் பொடிப் படிகங்களாகத்தான் வருகின்றன. நுண்ணோக்கி வழியாக எடுத்த படத்தில் அரை மில்லிமீட்டர்க் கொத்தும் விரல் நீளக் கொத்தும் ஒரே மாதிரி திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். இடமும் அளவும் கையில் இருந்தால் பேச ஆரம்பிக்கலாம்.

இப்படி வரும் படங்களைப் பார்த்து, கூடவே வந்த பெயர் தாங்குமா என்று சரிபார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு படத்தை வைத்து "இது அது இல்லை" என்று சொல்வது பல நேரம் சுலபம். "இது அதுதான்" என்று சொல்வது பாஸ்பேட்டுகளில் அபூர்வமாகத்தான் முடியும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அது ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒவ்வோர் இடத்தில் விழுகிறது. சரிபார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான் என்று நினைக்கிறேன். பெயர் அதற்குப் பிறகு தானாக வரும், அல்லது வராது.

பாஸ்பேட்டுகள் ஏன் இவ்வளவு படுத்துகின்றன? பாஸ்பரஸ் அணு ஒன்று, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள்: இந்த நான்முகி அலகு எல்லாப் பாஸ்பேட்டிலும் அப்படியே இருக்கும். அதைச் சுற்றி உட்காரும் உலோகங்கள்தான் மாறிக்கொண்டே இருக்கும். இரும்பு இருந்த இடத்தில் மாங்கனீஸ் வரும், மாங்கனீஸ் இருந்த இடத்தில் மெக்னீசியம் வரும். படிகத்தின் உருவம் மாறாது, நிறமும் பல நேரம் மாறாது, பெயர் மட்டும் மாறிவிடும். ஏனென்றால் ஓர் இடத்தில் எந்தத் தனிமம் அதிகமாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் சர்வதேச கனிமவியல் சங்கம் பெயரை முடிவுசெய்கிறது. அங்கே இரும்பு 51 சதவீதமும் மாங்கனீஸ் 49 சதவீதமும் இருந்தால் ஒரு கனிமம், மாறியிருந்தால் இன்னொரு கனிமம். 51க்கும் 49க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கேமரா எதுவும் கிடையாது. இப்போது அங்கீகரிக்கப்பட்ட கனிம இனங்கள் 6000க்கு மேல் ஆகிவிட்டன. பாஸ்பேட்டுகளிலும் பல புதிய பெயர்கள் இப்படி ஒரே வீட்டுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பியதால் வந்தவைதான்.

பைரோமார்ஃபைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தின் குளோரோ பாஸ்பேட். ஆறு பக்கப் பட்டகங்களாக, சில நேரம் நடுவில் புடைத்த பீப்பாய் போல, பச்சையிலும் மஞ்சளிலும் பழுப்பிலும் வரும். பாஸ்பரஸ் இருக்கும் இடத்தில் ஆர்சனிக் உட்கார்ந்தால் அது மிமெட்டைட். இரண்டுக்கும் இடையே எந்த விகிதத்திலும் கலவை உண்டு. பச்சை என்றால் பைரோமார்ஃபைட், மஞ்சளோ ஆரஞ்சோ என்றால் மிமெட்டைட் என்று கையேட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. நல்ல பச்சை மிமெட்டைட்டும் உண்டு, ஆரஞ்சுப் பைரோமார்ஃபைட்டும் உண்டு. போதாததற்கு ஒரே படிகத்தின் உள்வட்டம் ஒன்றாகவும் வெளிவட்டம் மற்றொன்றாகவும் இருப்பதும் சகஜம். இந்த இடத்தில் படத்தை மட்டும் பார்ப்பவர் நேர்மையாகச் சொல்லக்கூடியது "பைரோமார்ஃபைட்–மிமெட்டைட் தொடர்" என்பதுதான். ஒரு சுரங்கத்தின் மாதிரிகள் நிறைய பகுப்பாய்வு செய்யப்பட்டு, எல்லாமே பாஸ்பேட் பக்கம்தான் என்று தெரிந்திருந்தால் மட்டும் ஓர் அடி முன்னே போகலாம்.

ரோஷரைட் குழு இன்னும் கடினம். சாக்சனியில் எரன்ஃபிரீடர்ஸ்டோர்ஃபுக்கு அருகே கிரைஃபென்ஸ்டைன் பாறைகளிலிருந்து ரோஷரைட் 1914இல் விவரிக்கப்பட்டது. கால்சியமும் பெரிலியமும் சேர்ந்த பாஸ்பேட். பழுப்பு, ஆலிவ் பச்சை நிறங்களில் சிறு உருண்டைக் கொத்துகள். பல பத்தாண்டுகளுக்கு உலகில் எங்கே இதே மாதிரி எது கிடைத்தாலும் ரோஷரைட் என்றே எழுதினார்கள். அப்புறம் மெக்னீசியம் அதிகமுள்ளதைப் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாதிரிகளிலிருந்து பிரித்து 1990இல் ஸனாஸியைட் என்றார்கள். இரும்பு அதிகமுள்ளது கிரைஃபென்ஸ்டைனைட் என்று 2001இல் ஏற்கப்பட்டது. அதன் மூல இடமும் (முதன்முதலில் விவரிக்கப்பட்ட மாதிரி கிடைத்த இடம்) ரோஷரைட்டின் மூல இடமும் ஒன்றேதான்! ஆக, "கிரைஃபென்ஸ்டைனில் கிடைத்தது, எனவே ரோஷரைட்" என்றுகூட இன்று சொல்ல முடியாது. இடத்தை வைத்துப் பெயரை ஊகிக்கும் வழி, அந்த இடத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் இருந்தால்தான் வேலை செய்யும். பழைய லேபிளில் ரோஷரைட் என்று இருப்பதைப் பார்த்தால், அது பெரிலியப் பாஸ்பேட் குழு ஒன்றைக் குறிக்கும் பழைய வழக்கு என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஜான்சைட், வைட்டைட் இரண்டும் இதைவிட ஒரு படி மேல். அவற்றின் முழுப் பெயரிலேயே மூன்று உலோகங்கள் வரிசையாக வந்து நிற்கும். மூன்று வெவ்வேறு அணு இடங்களில் எது ஆதிக்கம் என்பதைப் பெயரே சொல்லியாக வேண்டும். படத்தை மட்டும் பார்த்து அந்த முழுப் பெயரை எழுதியிருக்கும் குறிப்பைக் கண்டால் "எந்த ஆய்வகம் சொன்னது?" என்று கேட்டுவிடுவது என் வழக்கம். பதில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் "ஜான்சைட் குழு" என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் படத்தால் ஒன்றுமே ஆகாது என்று தோன்றலாம். அப்படி இல்லை. படிகத்தைச் சுற்றி இருப்பதைப் படிக்கத் தெரிந்தால் படம் நிறையவே பேசும்.

பவேரியாவின் ஹாகென்டார்ஃப், நியூ ஹாம்ப்ஷயரின் பலெர்மோ சுரங்கம், தெற்கு டகோட்டாவின் டிப் டாப் ஆகியவை அரிய பாஸ்பேட்டுகளுக்குப் பேர்போன பெக்மடைட்டுகள், அதாவது பெரிய பெரிய படிகங்களாக உறைந்த தீப்பாறைகள். இங்கெல்லாம் கதை ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கிறது. லித்தியமும் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த டிரைபிலைட் என்ற பாஸ்பேட், பெக்மடைட்டுக்குள் பெரிய கட்டிகளாக முதலில் உறைகிறது. பிறகு சூடான நீர் அதைத் தொடுகிறது, கடைசியில் மழைநீரும் காற்றும் தொடுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் டிரைபிலைட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேறு கனிமங்களாக மாறுகிறது. ஆக்சிஜன் குறைவாக இருந்த கட்டத்தில் விவியனைட், லட்லாமைட். ஆக்சிஜன் ஏற ஏற ராக்பிரிட்ஜைட், பெரௌனைட், ஸ்ட்ரெங்கைட், ஸ்ட்ருன்ஸைட். பக்கத்தில் பெரில் கரைந்திருந்தால் பெரிலியப் பாஸ்பேட்டுகள் வரும். ஸ்பாலரைட் கரைந்திருந்தால் துத்தநாகப் பாஸ்பேட்டுகள் வரும். ஹாகென்டார்ஃபில் 1920இல் விவரிக்கப்பட்ட பாஸ்போஃபிலைட் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்த பாஸ்பேட். துத்தநாகம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் அல்லவா? ஒரு படத்தில் துத்தநாகப் பாஸ்பேட் என்று பெயர் போட்டிருந்து, அந்தப் பெக்மடைட்டில் துத்தநாகத்துக்கு வழியே இல்லை என்றால், படிகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பெயரை நம்ப மாட்டேன். அதனால்தான் தாய்ப்பாறை தெரியும்படி எடுத்த படத்தை, படிகத்தை மட்டும் கத்தரித்து எடுத்த படத்தைவிடப் பல மடங்கு மதிக்கிறேன்.

ஒரு படத்தை எப்படிப் படிக்கிறேன் என்று கிட்டத்தில் காட்டுகிறேன். ஹாகென்டார்ஃப் மாதிரி, படத்தின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று குறிப்பு. கறுப்புப் பச்சை நிறத்தில் ஒரு மேலோடு, அதன் உடைந்த விளிம்பில் நார் நாராக அமைப்பு தெரிகிறது. அதன் மேல் செம்பழுப்பு நிறத்தில் தட்டையான தகடுகள், ஒரு மையத்திலிருந்து விசிறி போல விரிந்திருக்கின்றன. ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் நிற மயிரிழைகள் கொஞ்சம். லேபிள்: பெரௌனைட்.

கறுப்புப் பச்சை மேலோடு ராக்பிரிட்ஜைட் மாதிரி இருக்கிறது. ஆனால் ராக்பிரிட்ஜைட்டும் டுஃப்ரெனைட்டும் படத்தில் இரட்டையர்கள், அதனால் அதை அப்படியே விட்டுவிடுவேன். மயிரிழைகள் நேராக, விறைப்பாக, வெளிர் மஞ்சளாக இருப்பதால் ஸ்ட்ருன்ஸைட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. கேகாக்சினைட்டாக இருந்தால் நிறம் இன்னும் பொன்னிறத்துக்குப் போயிருக்கும், இழைகள் பட்டு மாதிரி நெருங்கி உருண்டையாகத் திரண்டிருக்கும். நடுவில் இருக்கும் செம்பழுப்புத் தகடுகள்தான் கேள்வி. நுனிகளைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கோயதைட்டாக (பாஸ்பேட் அல்லாத, துரு போன்ற இரும்புக் கனிமம்) இருந்தால் இழைகள் ஊசியாகவோ வெல்வெட் போலவோ முடியும், ஒளி ஊடுருவும்போது இந்தச் சிவப்பு அவ்வளவாக வராது. இங்கே தகட்டின் விளிம்பில் ஒளி புகுந்து ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரிகிறது, தகட்டின் நீளத்துக்குக் கோடுகள் ஓடுகின்றன, அகலப் பக்கத்தில் பிளவுத்தளத்தின் மினுக்கம் இருக்கிறது. எல்லாமே பெரௌனைட்டுக்குப் பொருந்துகின்றன. சுற்றியுள்ள கனிமங்களும் ஆக்சிஜன் ஏறிய கட்டத்தைச் சேர்ந்தவை, அதுவும் பொருந்துகிறது.

சரி, பெரௌனைட் என்று முடித்துவிடலாமா? 2015க்கு முன்பென்றால் முடித்திருக்கலாம். ஜெர்மனியின் கீஸெனுக்கு அருகே எலியனோர் சுரங்கத்தின் பெயரால் அழைக்கப்பட்ட எலியனோரைட், நெடுங்காலம் பெரௌனைட்டின் மறுபெயராகவே கிடந்தது. 2015இல் அதைத் தனி இனமாக ஏற்றார்கள். பெரௌனைட்டில் இரும்பின் ஒரு பங்கு இரு இணைதிற நிலையில் இருக்கிறது. எலியனோரைட்டில் எல்லா இரும்பும் மூவிணைதிற நிலைக்கு ஏறிவிட்டது. உருவம் ஒன்று, தனிமங்களும் ஒன்று, இரும்பின் நிலை மட்டும் வேறு. பச்சை கலந்திருந்தால் பெரௌனைட் பக்கம், முழுச் செம்பழுப்பாக இருந்தால் எலியனோரைட் பக்கம் என்று நிறம் ஒரு சாடை காட்டுகிறது. சாடைக்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் படத்துக்கு நான் எழுதும் பதில்: "பெரௌனைட் அல்லது எலியனோரைட். நிறத்தைப் பார்த்தால் இரண்டாவதைச் சோதிக்க வேண்டும். மஞ்சள் இழைகள் ஸ்ட்ருன்ஸைட்டாக இருக்கலாம், கேள்விக்குறியோடு." இது மழுப்பலான பதில் என்று சிலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் படம் தாங்கக்கூடிய முழு எடையும் இந்தப் பதிலில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடிக்கும். லௌயைட், சூடோலௌயைட், ஸ்டூவர்டைட் மூன்றும் ஒரே வேதிச் சேர்க்கை: மாங்கனீஸ், இரும்பு, பாஸ்பேட், ஹைட்ராக்சில், நீர். தனிமங்களை அளக்கும் கருவியில் மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. ஆனால் அந்த அடுக்கு வித்தியாசம் வெளி உருவத்தில் தெரிந்துவிடுகிறது. லௌயைட் தேன் நிறத்தில் ஆப்பு மாதிரிச் சரிந்த முனைகளோடு வரும். சூடோலௌயைட் தடித்த சிறு பலகைகளாக வரும். ஸ்டூவர்டைட் மெல்லிய மஞ்சள் தகடுகளாக, இழைகளாக வரும். கூர்மையான, நல்ல கோணத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தால், லட்சக்கணக்கில் விலை போகும் கருவி பிரிக்க முடியாததைக் கண் பிரித்துவிடும். பகுப்பாய்வு அறிக்கை ஒன்றை இணைத்து "நிரூபணம்" என்று யாராவது எழுதும்போது, அந்தக் கருவி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியதா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது படத்தோடு சேர்ந்து நிறமாலையும் வருகிறது. அதிகம் வருவது மின்னணு நுண்ணோக்கியில் எடுக்கும் எக்ஸ்ரே நிறமாலை. தனிமங்கள் சிகரங்களாகத் தெரியும். மாதிரியின் மேல் மின்சாரம் தேங்காமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சுப் பூசுவார்கள். பல ஆய்வகங்களில் வழக்கம் தங்கப் பூச்சு. பாஸ்பரஸின் சிகரம் 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருகிறது. தங்கத்தின் ஒரு சிகரம் 2.12இல் வருகிறது, பிளாட்டினத்தினுடையது 2.05இல். ஒன்றன் தோளில் மற்றொன்று ஏறிக்கொள்ளும். தங்கம் பூசிய மாதிரியின் நிறமாலையைக் காட்டி "பாஸ்பரஸ் இருக்கிறது" என்று சொன்னாலும் சரி, "இல்லை" என்று சொன்னாலும் சரி, கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டாதவரை நான் ஏற்க மாட்டேன். பாஸ்பேட்டுக்குக் கார்பன் பூச்சுத்தான் சரி.

இன்னொரு விஷயம், இந்தக் கருவிக்கு லித்தியம் தெரியாது. பெரிலியமும் சாதாரண அமைப்பில் தெரிவதில்லை. நீரின் ஹைட்ரஜன் தெரியவே தெரியாது. டிரைபிலைட்டை வைத்தால் இரும்பு, மாங்கனீஸ், பாஸ்பரஸ், ஆக்சிஜன் என்று வரும். லித்தியம் கரைந்துபோன ஹெட்டரோசைட்டை வைத்தாலும் அதேதான் வரும். இங்கே மறுபடியும் படம்தான் கை கொடுக்கிறது: ஒன்று நீலச்சாம்பல் அல்லது பச்சைச்சாம்பல், மற்றொன்று ஊதா. நீர் மட்டும் வித்தியாசப்படும் ஜோடிகளில் நிறமாலையும் கை விரிக்கும், படமும் கை விரிக்கும். செம்பும் யுரேனியமும் சேர்ந்த டார்பெர்னைட் உலர்ந்த இடத்தில் வைத்தால் நீரை இழந்து மெட்டாடார்பெர்னைட் ஆகிவிடும், உருவம் அப்படியே இருக்கும். பழைய சேகரங்களில் உள்ள பச்சைச் சதுரத் தகடுகளில் பெரும்பாலானவை இப்படி மாறியவைதான். அங்கே அணுக்களின் அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விலகல்தான் முடிவு சொல்லும். லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலை பாஸ்பேட்டையும் ஆர்சனேட்டையும் பிரிப்பதில் கெட்டிக்காரன். பாஸ்பேட்டின் முதன்மைச் சிகரம் பெரும்பாலும் 920க்கும் 1000க்கும் இடையில் (செ.மீ⁻¹ அலகில்) எங்கோ நிற்கும், ஆர்சனேட்டினுடையது 800களில் நிற்கும். பைரோமார்ஃபைட்–மிமெட்டைட் சண்டையை ஒரு நிமிடத்தில் தீர்த்துவைக்கும். விவியனைட் மாதிரி இரும்புப் பாஸ்பேட்டுகளில் மட்டும் லேசரைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அளக்கும்போதே மாதிரி மாறிவிடும்.

விவியனைட் என்றதும் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. படத்தில் எல்லோரும் முதலில் நம்புவது நிறத்தைத்தான். நான் கடைசியாகத்தான் அதனிடம் போவேன்.

புதிதாக வெட்டி எடுத்த விவியனைட் நிறமே இல்லாமலோ வெளிர் பச்சையாகவோ இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டதும் இரு இணைதிற இரும்பில் ஒரு பகுதி மூவிணைதிறத்துக்கு ஏறுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகை இரும்பும் இருக்கும்போது ஓர் எலக்ட்ரான் அவற்றுக்கிடையே தாவ முடிகிறது. அந்தத் தாவலுக்குச் சிவப்பு ஒளி செலவாகிறது, மிச்சமிருப்பது நீலமாகத் தெரிகிறது. நாளாக ஆக அது கறுப்புக்கு நெருங்கிவிடும். மாற்றம் அளவு மீறினால் மெட்டாவிவியனைட்டாகும். முழுவதும் ஆக்சிஜன் ஏறினால், இத்தாலியின் சாண்டா பார்பரா சுரங்கத்தின் பெயர் தாங்கிய, படிக ஒழுங்கே இல்லாத பழுப்புப் பொருளாகும். ஆகவே ஒரு விவியனைட் படம் எப்போது எடுத்தது, வெட்டியெடுத்து எவ்வளவு காலம் கழித்து எடுத்தது என்பதும் அடையாளத்தின் ஒரு பகுதிதான். ஒரே கல்லின் இரண்டு படங்களை வேறு வேறு கனிமங்கள் என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் சில வருட வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

ஊதாவைப் பார்த்தால் இன்னும் கவனம் வேண்டும். இரும்பு மிகுந்த ஹெட்டரோசைட்டும் மாங்கனீஸ் மிகுந்த பர்பியூரைட்டும் ஒரே தொடரின் இரண்டு முனைகள், இரண்டும் ஊதா. பெயரிலேயே ஊதா இருப்பதாலோ என்னவோ, விற்பனையில் எல்லாமே பர்பியூரைட்டாகிவிடுகிறது. பகுப்பாய்வு செய்து பார்த்தால் பல ஹெட்டரோசைட்டாகத்தான் நிற்கின்றன. அதோடு, இயற்கையில் இவற்றின் மேல் கறுப்பு மாங்கனீஸ் ஆக்சைடு படிந்திருக்கும். அமிலத்தில் கழுவினால்தான் அந்தப் பளீர் ஊதா வெளிவரும். படத்தில் பள்ளம் மேடு எல்லாம் ஒரே சீராக, ஒரு கரும்புள்ளிகூட இல்லாமல் ஊதாவாக இருந்தால், கழுவியதா என்று கேட்பேன். கழுவுவது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்காது.

நிறம் உதவி செய்யும் இடமும் ஒன்று இருக்கிறது, அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். மோனஸைட்டில் நியோடிமியம் இருப்பதால், சாதாரண வெயிலிலோ இழை பல்பிலோ மஞ்சள் பழுப்பாகத் தெரியும் படிகம், ஃபுளோரசன்ட் விளக்கின் கீழ் பச்சை தட்டும். ஒரே படிகத்தை இரண்டு விளக்கில் எடுத்து அனுப்பினால் அரிய மண் தனிமப் பாஸ்பேட் என்ற ஊகத்துக்கு நல்ல பலம் கிடைக்கிறது. அதே காரணத்தால், எந்த விளக்கு என்று சொல்லாமல் வரும் ஒற்றைப் படத்தின் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் போகாமல் இருப்பது நல்லது. செல்பேசிகள் தாமாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டுகின்றன. பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு இருந்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படம் எடுக்கும் முறையிலும் பொறி இருக்கிறது. நுண்படிகங்களின் ஆழம் முழுவதும் ஒரே ஷாட்டில் தெளிவாக விழாது என்பதால், குவியத்தை நகர்த்தி நகர்த்தி எடுத்த பல படங்களை மென்பொருள் ஒன்றாகச் சேர்க்கிறது. அருமையான நுட்பம், அது இல்லாமல் இந்தத் துறையே இல்லை. ஆனால் சேர்க்கும்போது ஒளிவிளிம்பு பட்ட இடங்களில் இரட்டைக் கோடுகள் விழும். கூர்மையாக்கும் கட்டளையைக் கொஞ்சம் அதிகமாக ஓட்டினால் வழவழப்பான முகத்தில்கூட வரிகள் முளைக்கும். அந்த வரிகளைப் படிகத்தின் கோடுகள் என்று எண்ணி அடையாளம் சொன்னால் மென்பொருளுக்கு அடையாளம் சொன்னதாகிவிடும். சந்தேகம் வரும்போது சேர்க்காத ஒற்றைப் படம் ஒன்றைக் கேட்டு வாங்குவேன். கோணமும் அப்படித்தான். படிக முகங்களுக்கு இடையிலுள்ள கோணத்தைப் படத்தில் அளக்க வேண்டுமென்றால் அந்த விளிம்பு நம்மை நேராகப் பார்த்திருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் 90 பாகை 80 ஆகத் தெரியும். எனக்கு ஒரே ஒரு வசதி மட்டும் கேட்கலாம் என்றால், மாதிரியை மெல்லத் திருப்பி எடுத்த பத்து விநாடிக் காணொளியைக் கேட்பேன். பிளவுத்தளம் எங்கே மின்னுகிறது, மிளிர்வு கண்ணாடி மாதிரியா, முத்து மாதிரியா, பிசின் மாதிரியா என்பதெல்லாம் ஒளி நகரும்போதுதான் தெரியும்.

சில பெயர்களை மட்டும் பார்த்தவுடன் மறுத்துவிடலாம். செவ்வந்திக்கல்லுக்குள் பொன்னிற ஊசிகள் இருந்தால் கேகாக்சினைட் என்று எழுதுவது பரவலான வழக்கம். சோதித்துப் பார்த்தவற்றில் கோயதைட்தான் வந்திருக்கிறது. ஹெர்டரைட் என்று எழுதியிருந்தால் ஹைட்ராக்சில்ஹெர்டரைட் என்று திருத்தச் சொல்வேன். ஃபுளோரின் மிகுந்த அசல் ஹெர்டரைட் மிகவும் அரிது, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். ஆம்பிளிகொனைட்–மான்டிபிராசைட் ஜோடியிலும் அதே கதைதான். அரிதான பெயருக்கு அதிக ஆதாரம் கேட்பது அநியாயம் என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயர் எவ்வளவு அரிதோ அந்த அளவுக்கு அது தவறாக இருக்கும் வாய்ப்பும் அதிகம், அதனால்தான் கேட்கிறேன்.

தவறான பெயரோடு ஒரு படம் சும்மா இருந்துவிடுவதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. அந்தப் படத்தைப் பார்த்து இன்னொருவர் தன் மாதிரிக்குப் பெயர் வைப்பார். அந்த இரண்டாவது படம், அந்தச் சுரங்கத்தில் அந்தக் கனிமம் கிடைக்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிடும். மூன்றாவது ஆள் "இந்த இடத்தில் இது கிடைக்கும் என்று பட்டியலிலேயே இருக்கிறதே" என்று வாதாடுவார். முதல் படத்துக்கு யாராவது ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் இந்தச் சங்கிலி ஆரம்பத்திலேயே அறுந்திருக்கும். அதனால் ஒவ்வொரு குறிப்பிலும் பெயரோடு, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் எழுதச் சொல்கிறேன்: கண்ணால் பார்த்தது, விற்றவர் சொன்னது, ராமன், எக்ஸ்ரே விளிம்பு விலகல், எதுவானாலும். சோதித்தது இதே துணுக்கைத்தானா, அதே கல்லின் வேறு பகுதியையா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். ஒரே கைப்பிடிக் கல்லில் ஐந்தாறு பாஸ்பேட்டுகள் நெருக்கியடித்து இருக்கும்போது, சோதனைக்குப் போனது ஒரு படிகம், படத்தில் இருப்பது பக்கத்துப் படிகம் என்பது சாதாரணமாக நடக்கிறது. படத்தில் அம்புக்குறி போட்டு "இதை" என்று காட்டியிருந்தால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும்.

சரிபார்த்த பெயரையும் திரும்பவும் சரிபார்க்க வேண்டி வருகிறது. வேவலைட்டைப் பாருங்கள். ஆர்கன்சாவிலிருந்து வரும் பச்சை உருண்டைகளை உடைத்தால் உள்ளே நட்சத்திரம் போல ஆரங்கள் விரிந்திருக்கும். பாஸ்பேட்டுகளில் கண்ணாலேயே தயங்காமல் சொல்லக்கூடிய சிலவற்றில் அது ஒன்றாக இருந்தது. 2015இல் ஃபுளோர்வேவலைட் தனி இனமாக ஏற்கப்பட்டது. நெவாடாவின் சில்வர் காயின் சுரங்கம் அதன் மூல இடங்களில் ஒன்று. ஹைட்ராக்சில் இடத்தில் ஒரு பகுதியில் ஃபுளோரின் ஆதிக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். அதே உருண்டை, அதே ஆரங்கள். அதுவரை வேவலைட் என்று எழுதி வைத்த எல்லாப் படமும் ஒரே நாளில் மறுபடி கேள்விக்கு உள்ளானது. மாதிரி இன்னும் பெட்டியில் இருந்தால் ஓர் ஆரத்தைக் கிள்ளி ஃபுளோரினை அளக்கக் கொடுக்கலாம். படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், "வேவலைட் அல்லது ஃபுளோர்வேவலைட், கண்ணால் பார்த்தது" என்று எழுதி, பக்கத்தில் தேதியையும் போட்டு வைக்கச் சொல்கிறேன்.